ஃபாஃப்சா சரிபார்ப்பு: வரி தாக்கல் செய்யாததற்கான கடிதம் கிடைக்கவில்லை

ஹூஸ்டனில் ஒரு சார்ட்டர் பள்ளிக் குழுமத்தில் கல்லூரி ஆலோசகராக இருக்கிறேன். இந்த ஆண்டு முடித்த மாணவி ஒருத்திக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. 2025–26 ஃபாஃப்சா (அமெரிக்க அரசின் கல்லூரி நிதியுதவி) விண்ணப்பம் வி1 சரிபார்ப்பில் (குடும்ப வருமானம் போன்ற விவரங்களுக்குச் சான்று கேட்கும் சோதனை) நிற்பதால் 7,395 டாலர் பெல் கிராண்ட் உதவித்தொகை கணக்கில் ஏறவில்லை. ஆகஸ்டில் கட்டணம் கட்டாவிட்டால் எடுத்த பாடங்களை நீக்கிவிடுவார்கள். முதல் தலைமுறைப் பிள்ளைகள் பலர் இந்தக் கோடையில்தான் நழுவிப் போகிறார்கள். இவளையும் இழக்க மனமில்லை.

தாய் மட்டுமே பெற்றோர். 2023இல் பள்ளிச் சமையலறையில் பகுதிநேர வேலை, டபிள்யூ-2 (முதலாளி தரும் ஆண்டுச் சம்பளச் சான்று) கையில் இருக்கிறது. வருமானம் குடும்பத் தலைவருக்கான 20,800 டாலர் வரம்புக்குக் கீழே என்பதால் வரி தாக்கல் செய்யவில்லை. அதை ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) உறுதிசெய்த கடிதம் வேண்டும் என்கிறது நிதியுதவி அலுவலகம்.

இணையத்தில் எடுக்கப் பார்த்தோம்: ஓட்டுநர் உரிமம் காலாவதியானதால் அடையாளச் சோதனையிலேயே நின்றுவிட்டது. அந்தக் கடிதம் கேட்டு, 4506-டி படிவத்தில் 7ஆம் கட்டத்தைக் குறித்து ஐஆர்எஸுக்குத் தபாலில் அனுப்பினோம். முகவரி பொருந்தவில்லை என்று திரும்பியது. வீடு மாறியவர், பழைய தாக்கலும் இல்லை, ஒப்பிட அவர்களிடம் என்ன இருக்கும்? முகவரி மாற்றத்துக்கு 8822 படிவம் அனுப்பியாயிற்று, பதில் இல்லை. டபிள்யூ-2, கையொப்பமிட்ட வருமான அறிக்கை இரண்டும் கல்லூரியிடம் இருக்கின்றன.

கடிதத்துக்குப் பதிலாக, "பெற முயன்றோம், கிடைக்கவில்லை" என்ற கையொப்ப வாக்குமூலத்தைக் கல்லூரி ஏற்கும்படி செய்தவர்கள் அதில் என்னென்ன எழுதி, எந்தச் சான்றுகளை இணைத்தீர்கள்?