விளக்கம் எழுதியும் ஏஜென்ட் தவறான கருவியையே அழைக்கிறது: உதவி தேவை

தறிக்காரன்:
வணக்கம். ஒரு ஜவுளிக் கடைக்காக, வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் ஏஐ ஏஜென்ட் ஒன்றை அமைத்திருக்கிறேன். எம்சிபி சர்வர் (ஏஜென்டை வெளி நிரல்களோடு இணைக்கும் ஏற்பாடு) வழியாக, அது அழைக்கக்கூடிய இரண்டு கருவிகள், அதாவது சிறு நிரல்கள், கொடுத்திருக்கிறேன்.

கெட்_டேட்டா: "ஆர்டர் விவரங்களைப் பெறும்."
ஃபெட்ச்_இன்ஃபோ: "வாடிக்கையாளரின் ஆர்டர் தகவல்களைப் பெறும்."

முதலாவதற்கு ஆர்டர் எண் வேண்டும். இரண்டாவது, கைபேசி எண்ணை வைத்து அவருடைய எல்லா ஆர்டர்களையும் எடுக்கும். ஆனால் கைபேசி எண்ணைக் கொடுத்தாலும் ஏஜென்ட் பெரும்பாலும் முதல் கருவிக்கே போகிறது. காலிப் பட்டியல் திரும்பி வருகிறது. உடனே "உங்கள் ஆர்டர் ரத்தாகிவிட்டது" என்று தானாகவே முடிவு கட்டிச் சொல்லிவிடுகிறது! நேற்று முகூர்த்தப் புடவைக்குப் பணம் கட்டிய ஒரு அம்மா பதறிப்போய்க் கடைக்கே வந்துவிட்டார். "சரியான கருவியைத் தேர்ந்தெடு" என்று சிஸ்டம் பிராம்ப்ட்டில் (ஏஜென்டுக்கு முன்கூட்டியே கொடுக்கும் பொது அறிவுறுத்தலில்) மூன்று இடங்களில் எழுதிப் பார்த்துவிட்டேன். பயனில்லை.

மூங்கில்தூண்:
பிராம்ப்ட்டை விடுங்கள் நண்பரே. கருவிக்குள் இருக்கும் உங்கள் நிரல், ஏஜென்டை இயக்கும் மொழி மாடலின் கண்ணில் படாது. பெயர், விளக்கம், உள்ளீடுகளின் ஸ்கீமா (எந்த உள்ளீடு, எந்த வடிவில் என்ற வரையறை), இவ்வளவுதான் அதற்குத் தெரியும். நீங்கள் எழுதிய இரண்டு வரிகளையும் படித்துவிட்டு எது எதற்கு என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. ஆர்டர் எண் எப்படி இருக்கும்?

தறிக்காரன்:
அதுவும் 10 இலக்கம்தான். 25 என்று தொடங்கும்.

மூங்கில்தூண்:
குழப்பம் அங்கேதான். நம் நாட்டுக் கைபேசி எண்கள் 6 முதல் 9 வரையுள்ள இலக்கத்தில்தான் தொடங்கும். அதையே எழுதிவிடுங்கள். முதல் கருவியின் பெயரை 'ஆர்டர்_எண்ணால்_தேடு' என்ற பொருள்படும்படி மாற்றிவிட்டு, விளக்கத்தை இப்படி வையுங்கள்:

"ஒரே ஒரு ஆர்டரின் நிலையைத் தரும். ஆர்டர் எண் 10 இலக்கம், 25 எனத் தொடங்கும். 6, 7, 8, 9 எனத் தொடங்கினால் அது கைபேசி எண். அதற்கு மற்றக் கருவியைப் பயன்படுத்து. காலிப் பட்டியல் வந்தால் அந்த எண்ணில் ஆர்டர் இல்லை என்றே பொருள். ரத்து என்று பொருள் அல்ல. எண்ணைச் சரிபார்க்கும்படி வாடிக்கையாளரிடம் கேள்."

மற்றக் கருவியின் பெயரை மறக்காமல் அதில் குறிப்பிடுங்கள்.

பழைய பஞ்சாங்கம்:
தம்பி, விளக்கத்தை மட்டும் நம்பி உட்காராதீர்கள். தவறான எண் வந்தால் காலிப் பட்டியலை ஏன் அனுப்புகிறீர்கள்? "இது கைபேசி எண் போல் தெரிகிறது, இன்ன கருவியை அழை" என்று பிழைச் செய்தி அனுப்புங்கள். அதையும் மாடல் படிக்கும். பெரும்பாலும் தன்னைத் திருத்திக்கொள்ளும். ரத்தான ஆர்டருக்கு 'ரத்து' என்று தனி நிலையே இருக்கட்டும். தேதி உள்ளீடு ஏதாவது இருந்தால் அதன் வடிவத்தையும் எழுதிவிடுங்கள். 03/04 என்பதை மார்ச் 4 என்று எடுத்துக்கொண்ட ஒரு ஏஜென்டால் நான் ஒரு வாரம் தூக்கம் கெட்டேன்.

தறிக்காரன்:
மிக்க நன்றி ஐயா. வாடிக்கையாளர்கள் தமிழில்தான் கேட்கிறார்கள். விளக்கமும் தமிழில் இருக்க வேண்டுமா?

மூங்கில்தூண்:
கட்டாயமில்லை. தமிழுக்குப் பொதுவாக டோக்கன் (மாடல் உரையைப் பிரித்துப் படிக்கும் துண்டுகள்) கூடுதலாகச் செலவாகும்; விளக்கமோ ஒவ்வொரு அழைப்பிலும் கூடவே போகும். நான் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, 'சரக்கு அனுப்பியாச்சா' போன்ற எடுத்துக்காட்டுகளை மட்டும் தமிழில் வைப்பேன்.

தறிக்காரன்:
மாற்றிவிட்டேன். தவறிப்போன பழைய உரையாடல்களில் 20 எடுத்து மறுபடி ஓட்டினேன். 19 சரியாக வந்தன. ஒன்றில் மட்டும் வாடிக்கையாளர் +91 போட்டு, நடுவில் இடைவெளியும் விட்டிருக்கிறார். இதற்கும் விளக்கத்தில் ஒரு வரி சேர்க்கவா?

பழைய பஞ்சாங்கம்:
வேண்டாம். அந்த +91-ஐயும் இடைவெளியையும் நிரலிலேயே வெட்டி எறியுங்கள்.