பஸ் வீட்டுக்கு எந்த பெட்டரி? பட்டவர்கள் வந்து எழுதுங்கள்

நானுஓயா ரோசா:
ரம்பொடை ஏற்றத்தில் நடந்தது இன்னும் மனதை அரிக்கிறது, அதனால்தான் இந்தத் திரி. பழைய ரோசா பஸ், 24 வோல்ட். பின்னால் கட்டில், சின்ன பிரிட்ஜ், லைட், சார்ஜர். வீட்டுப் பக்கத்துக்கு 200 ஆம்பியர்-அவர் லிதியம், இரும்பு பாஸ்பேட் வகை. வயரிங் பாஸ், "ஆல்டனேட்டர்ல இருந்து நேரா இழுத்து ஒரு ரிலே போட்டா போதும் சேர்" என்று செய்து கொடுத்தார். ஆல்டனேட்டர் என்றால் என்ஜினோடு சுற்றிக் கரண்ட் கொடுக்கிற மெஷின்.

முதல் நாள் இரவு பேராதனையில் தங்கியதில் பெட்டரி நன்றாக இறங்கியிருந்தது. காலையில் கிளம்பினால் புசல்லாவையில் நெரிசல், நின்று நின்று ஊர்ந்தோம். ரம்பொடை வளைவுகளில் ஏறும்போது மகள், "அப்பா, நெயில் பாலிஷ் வாசம் அடிக்குது" என்றாள். ஓரங்கட்டி என்ஜின் மூடியைத் தூக்கினால் ஆல்டனேட்டர் பக்கம் கையே கொண்டுபோக முடியவில்லை. உள்ளே செப்புச் சுற்று கறுத்துப் போயிருந்தது. கம்பிக்குப் பூசியிருக்கும் வார்னிஷ் எரிந்த வாசம்தான் அது.

வெறுமையான லிதியம் கொடுக்கிற கரண்ட் அத்தனையையும் இழுத்துக்கொள்ளும். நெரிசலில் என்ஜின் மெதுவாக ஓடினால் ஆல்டனேட்டர் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். வேலை முழுசு, காற்று அரைகுறை. வேறு யாருக்காவது இப்படி ஆனதா?

டிப்போ பென்ஷன்:
தம்பி, ஈய பெட்டரி போட்டிருந்தால் இது நடந்திருக்காது. அது ஏற ஏறத் தானாகவே கரண்டைக் குறைத்துக்கொள்ளும். ஹட்டனில் பஸ்களோடு காலம் தள்ளியவன் சொல்கிறேன், லிதியம் எல்லாம் விளம்பரம்.

எனக்கு உறுத்துவது வேறு கதை. மருமகன் பஸ்ஸில் 2022 பவர்கட் காலத்தில் வாங்கின டியூபுலர் வகை ஈய பெட்டரி இரண்டு, தொடராக 24 வோல்ட். பிரிட்ஜ் 12 வோல்ட் என்று யாரோ ஒரு பெட்டரியில் இருந்து மட்டும் வயர் எடுத்துவிட்டான். கொஞ்ச நாளில் பஸ்ஸுக்குள் அழுகின முட்டை நாற்றம். மூடியைத் திறந்து பார்த்தேன். பிரிட்ஜ் மாட்டாத பெட்டரியில் தண்ணீர் வற்றி பிளேட் தலை தெரிகிறது. மற்றதில் அமிலத்தின் அடர்த்தி பார்க்கிற ஹைட்ரோமீட்டர் விட்டால் 1.140. முழுசாக ஏறினால் 1.265 அளவில் நிற்க வேண்டும். ஒன்று பட்டினி, ஒன்று அஜீரணம். சார்ஜருக்கு இரண்டும் சேர்ந்த 28 வோல்ட்தானே தெரியும், எது பசியோடு இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

24ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் ஒன்று போட்டிருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும். பிளேட் வெளியே தெரிய நின்ற அந்தப் பெட்டரியைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

அப்புத்தளைக் காற்று:
டிப்போ ஐயா, விளம்பரம் என்று ஒரே போடாகப் போடாதீங்க. ஈய பெட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கிப் பழகினால் ஆயுள் போச்சு. 12 வோல்ட் 100 என்று எழுதியிருப்பதில் கைக்கு வருவது 600 வாட்-அவர் அளவுதான். லிதியத்தில் அதே 100க்கு ஆயிரத்துக்கு மேல் எடுக்கலாம், எடையும் பாதிக்குக் குறைவு. ஏற்றத்தில் ஏறுகிற பஸ்ஸுக்கு அது சின்ன விஷயமா?

ஆனால் லிதியமும் என்னைப் படுத்தியது. ஜனவரியில் நுவரெலியாவில் தங்கினோம். விடியும்போது புல்லில் வெள்ளையாகப் பனி உறைந்திருக்கிறது, ஏழரைக்குப் பளீரென்று வெயில். சோலார் பெனலில் வோல்ட் இருக்கிறது, பெட்டரிக்கு ஏறுவது பூஜ்யம் ஆம்பியர். சோலார் கண்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று வீட்டுக்காரர் ஸ்குரூடிரைவரோடு வந்துவிட்டார். கெடவே இல்லை. பெட்டரி பாடிக்கு அடியில், வெளிப் பெட்டியில் இருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே லிதியத்துக்குச் சார்ஜ் ஏற்றினால் செல் உள்ளே பழுதாகும், அதனால் பெட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு போர்டு சார்ஜை வெட்டிவிடும். எங்கள் போர்டு 5 பாகையிலேயே வெட்டும்படி வைத்தது. லைட் எரியும், பிரிட்ஜ் ஓடும், சார்ஜ் மட்டும் ஏறாது. இப்போது கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறோம், தொந்தரவே இல்லை.

வெலிமடை வளவு:
என் கதை சின்னது. கேத்தலைப் போட்டேன், இன்வர்ட்டர் கீ கீ என்று கத்தி நின்றுவிட்டது. அவ்வளவுதான். சொல்ல வந்தது வேறு.

எல்லாரும் எந்த பெட்டரி, எந்த பெட்டரி என்கிறீர்கள். முதலில் ஒரு நாளைக்கு எவ்வளவு தின்கிறது என்று கணக்குப் போடுங்கள். 2000 வாட் கேத்தல் 12 வோல்டில் 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 24 வோல்டில் அதில் பாதி, வயரும் மெலிதாகப் போகும். ரோசாக்காரர் 24இல் வைத்தது புத்திசாலித்தனம். ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்க 160 வாட்-அவர் போகிறது. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும் என்றாலும் மிச்சம் பெரிதாக இல்லை. குளிருக்கு நாளைக்கு ஐந்து தரம் பிளேன்டீ குடிக்கிற குடும்பம் கேஸ் அடுப்பு வைத்துக்கொள்வதுதான் மரியாதை.

அப்புறம் சோலார். ஜூன், ஜூலையில் நானுஓயா, ஹட்டன் பக்கம் மிஸ்ட் மூடியிருக்கும்போது எங்கள் ஊவா பக்கம் வெயில் கொளுத்தும். வருஷக் கடைசியில் மழை எங்களுக்கு. ஆகவே கூரையில் 400 வாட் போட்டேன் என்று பெருமைப்பட்டால் போதாது, எந்த மாதம் எந்தப் பக்கம் நிறுத்துவீர்கள் என்று பாருங்கள். வெயில் இல்லாத நாளையும் ஓட்டுகிற அளவுக்குப் பெட்டரி எடுங்கள். லிதியத்தில் வோல்ட் பார்த்து மிச்சத்தை மட்டுக்கட்டவும் முடியாது. 12 வோல்ட் பெட்டரி என்றால் நடுவில் வெகு நேரம் 13.2 பக்கமே நிற்கும், கடைசியில் பொசுக்கென்று விழும். ஏறுகிற, இறங்குகிற கரண்டை எண்ணுகிற ஷண்ட் மீட்டர் போடுங்கள். பெட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் போடுங்கள்...

நானுஓயா ரோசா:
வெலிமடை அண்ணே, கேத்தல் எங்களிடம் இல்லையே! கேட்டது ஆல்டனேட்டர். சரி, இப்போது ரிலேக்குப் பதில் ஆல்டனேட்டருக்கும் லிதியத்துக்கும் நடுவில் போட்டிருப்பது டிசி-டிசி சார்ஜர், 20 ஆம்பியருக்கு மேல் இழுக்காது. நெரிசலில் கை வைத்துப் பார்த்தேன், சூடு சாதாரணம். டிப்போ ஐயா சொன்ன மாதிரி ஈயத்துக்குத் திரும்புகிற எண்ணம் இல்லை.

டிப்போ பென்ஷன்:
உங்கள் இஷ்டம். ஓடும்போது லிதியத்தின் அந்தப் பாதுகாப்பு போர்டு திடீரென்று வெட்டினால் ரிலே வயரிங்கில் வோல்ட் குதித்து ஆல்டனேட்டர் டயோட் போகும், அதையும் பார்த்திருக்கிறேன். சார்ஜர் நடுவில் இருப்பது நல்லதுதான்.

கொட்டகலை மச்சான்:
குறுக்கே வருகிறேன். நான் நிசான் லீஃப் மின்சாரக் காரில் கழற்றின லிதியம் பெட்டரி மூன்று மொடியூல் தொடராக மாட்டியிருக்கிறேன், மலிவாகக் கிடைத்தது. சார்ஜர் 24 வோல்ட் ஈய பெட்டரி செட்டிங், 28.8. நேற்றிலிருந்து ஒரு மொடியூல் உப்பின மாதிரி தெரிகிறது. பரவாயில்லையா?

அப்புத்தளைக் காற்று:
தம்பி, முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள். லீஃப் மொடியூல் ஒன்றுக்கு 8.4 வோல்ட்தான் உச்சம், மூன்றுக்கு 25.2. உப்பினதை இன்றைக்கே பஸ்ஸை விட்டு வெளியே எடுத்து, வீட்டுச் சுவருக்குத் தள்ளி வையுங்கள். குத்தவோ அழுத்தவோ வேண்டாம். வைத்துவிட்டு இங்கே வந்து சொல்லுங்கள்.