இரண்டாவது நிக்காஹ்: சம்மதம், இரவு முறை, செலவு

கடலோரன்:
அஸ்ஸலாமு அலைக்கும். இரண்டாவது நிக்காஹ் (திருமணம்) செல்லுபடியாக முதல் மனைவியின் சம்மதம் வேண்டுமா? இரவுகளை எப்படிப் பிரிப்பது? மூத்தவருக்கு நான்கு பிள்ளைகள், வருபவர் கணவரை இழந்தவர் என்றால் செலவும் சரிபாதிதானா? ஷாஃபி மத்ஹப் (சட்டப் பிரிவு) படி சொல்லுங்கள்.

நூர்மணி:
வஅலைக்குமுஸ்ஸலாம் பாய். சம்மதம் நிபந்தனை இல்லை. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஓடுபவர்கள்தான் அதிகம். நான்கு மனைவியர் வரை அனுமதித்த அதே குர்ஆன் 4:3 வசனம், நீதியாக நடக்க முடியாதென்று அஞ்சினால் ஒருவரோடு நிறுத்தச் சொல்கிறது.

மறுமணப் பெண்ணுக்குத் தொடக்கத்தில் தொடர்ந்து 3 இரவு, கன்னிப்பெண்ணுக்கு 7. இதற்கு மூத்தவருக்கு ஈடு கிடையாது. மறுமணப் பெண்ணே கேட்டு 7 இரவு தங்கினால் மட்டும் மூத்தவருக்கும் முழு 7 இரவு பாக்கி. பிறகு மாறி மாறி ஓரிரவு. தாம்பத்தியம் கணக்கில் வராது, தங்குவதுதான் கணக்கு. அதனால் மாதவிலக்கு, காய்ச்சல் என்று முறையைத் தாண்ட முடியாது. இரவு ஷிப்டுக்காரருக்குப் பகல்தான் முறை. இருவரும் சம்மதிக்காமல் ஒரே வீட்டில் வைப்பது ஹராம்.

பிள்ளைகள் செலவு தகப்பன் பொறுப்பு, தனிக் கணக்கு. நால்வருக்கு வாங்கும் அரிசியை மூத்தவரின் பங்கில் கழிக்காதீர்கள். மனம் ஒருவர் பக்கம் கூடுதலாகச் சாய்வதற்குக் குற்றமில்லை. மற்றவரை அந்தரத்தில் விடுவதைத்தான் 4:129 தடுக்கிறது.

தஃப்தர்:
ஜமாஅத்தில் அதிகம் சிக்குவது வேறு. மனைவி நிக்காஹ்வில் இருக்கும்போது அவரின் சகோதரியையோ, அத்தை, சின்னம்மா, பெரியம்மாவையோ முடிக்க முடியாது. ரஜயீ தலாக் (மீட்டுக்கொள்ளக்கூடிய தலாக்) சொல்லிவிட்டு இத்தா (காத்திருப்புக் காலம்) முடியுமுன் மச்சினியை முடித்தால் அந்த நிக்காஹ் பாத்தில், அதாவது செல்லாது. நான்காமவரின் ரஜயீ இத்தாவில் ஐந்தாமவரை முடிப்பதும் அப்படியே.

"இன்னொரு கல்யாணம் கூடாது" என்று நிக்காஹ்விலேயே எழுதினால்? ஷாஃபியில் நிக்காஹ் செல்லும், அந்த நிபந்தனை செல்லாது. ஹன்பலி மத்ஹபில் அதை மீறினால் மனைவி நிக்காஹ்வை முறிக்கலாம்.

வக்கீல்குறிப்பு:
இந்தியச் சட்டத்தையும் பாருங்கள். மனைவியரைக் குர்ஆன் சொல்கிறபடி சமமாக நடத்தாவிட்டால், 1939-ஆம் வருட முஸ்லிம் திருமண ரத்துச் சட்டப்படி மனைவி விவாகரத்து கேட்கலாம். கணவர் இன்னொருவரை மணந்ததைக் காரணம் காட்டி மூத்தவர் தனியாக வாழ்ந்தாலும் ஜீவனாம்சம் உண்டு. மத்திய அரசு ஊழியர் அனுமதி வாங்காமல் செய்தால் துறை நடவடிக்கை வரும்.

தஃப்தர்:
வாரிசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை இருந்தால் மனைவியருக்கு மொத்தமாக 1/8, தலைக்கு 1/8 இல்லை. 24 லட்சத்தில் 3 லட்சம். இருவர் என்றால் ஆளுக்கு ஒன்றரை. பிள்ளை யார் வயிற்றில் பிறந்தாலும் இதே கணக்குதான். தஃப்தரில் (ஜமாஅத் பதிவேட்டில்) ஏறாத நிக்காஹ் என்றால் இந்தப் பங்கைக் கேட்கும் அன்று சாட்சி தேடி அலைய வேண்டியிருக்கும்; நகலை அன்றே வாங்கி வையுங்கள்.