எலிக்கிட்டி வைக்கப் போனபோது விழுந்த இடி

நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். இங்கே வேட்டை என்றால் எலிதான். குறுவைக் கதிர் பால் பிடித்ததும் எலி பிடிக்கும் மூங்கில் பொறிகளான கிட்டிகளைக் கட்டாகத் தோளில் போட்டுக்கொண்டு சாயங்காலம் வயலில் இறங்குவோம். வரப்போரமாக வைத்துவிட்டு விடியற்காலையில் போய் எடுப்போம். இடி இறங்குவதும் பெரும்பாலும் அதே சாயங்காலத்தில்தான்.

போன புரட்டாசியில் சித்தப்பாவும் நானும் போயிருந்தோம். தலைக்கு மேல் மேகமில்லை. மேற்கே தஞ்சாவூர்ப் பக்கம் மட்டும் கருத்திருந்தது. மின்னியதும் எண்ணினேன், பதினைந்தில் சத்தம் வந்தது. மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்றால் ஐந்து கிலோமீட்டர். "மழை வர நேரமிருக்கு, இந்த வரிசையை முடிச்சிடலாம்" என்றார் சித்தப்பா. நானும் சரி என்றேன். தப்பு அங்கேதான். மழை பெய்கிற இடத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் இறங்கும். முப்பது எண்ணுவதற்குள் சத்தம் கேட்டாலே வயலை விட்டு ஏறிவிட வேண்டும்.

வாய்க்கால் கரைப் பனையடியில் ஆடு மேய்ப்பவர் ஒருவர் ஒதுங்கி நின்றார். ஒரே வெள்ளை வெளிச்சம். உள்ளங்காலிலிருந்து முழங்கால் வரை சுண்டி இழுத்தது, கிட்டிக்கட்டு நழுவிச் சேற்றில் விழுந்தது. நிமிர்ந்தால் பனையின் உச்சி புகைகிறது, அடியில் நாலைந்து ஆடுகள் கிடக்கின்றன, அவர் குப்புற விழுந்திருக்கிறார். மூச்சில்லை.

"தொடாதீங்க, உடம்புல கரண்ட் இருக்கும்!" என்று யாரோ கத்தினார்கள். ஓடிவந்தவர்கள் அப்படியே நின்றார்கள். நானும் நின்றேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்: இடி விழுந்தவர் உடம்பில் மின்சாரம் தங்காது. உடனே தொடலாம், தொட்டே ஆக வேண்டும். சித்தப்பா லாரி ஓட்டிய காலத்தில் முதலுதவி கற்றவர். யார் பேச்சையும் கேட்காமல் அவரைப் புரட்டிப் போட்டு நெஞ்சை அமுக்க ஆரம்பித்தார். 108 வருவதற்குள் மூச்சு திரும்பியது. வெள்ளி அரைஞாண் கிடந்த இடம் இடுப்பைச் சுற்றிக் கோடாகச் சுட்டிருந்தது. இன்று அவர் நடமாடுகிறார், ஒரு காது மட்டும் கேட்பதில்லை.

---

அண்ணே, படிக்கும்போதே கை நடுங்குது. நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம், வாத்து மேய்க்கிறவன். நாங்கள் மரத்தடிக்குப் போகமாட்டோம், மோட்டார் கொட்டகைக்கு ஓடுவோம். ஒருநாள் ஸ்டார்ட்டர் பெட்டி இருந்த சுவரில் சாய்ந்திருந்தேன். தூரத்தில் எங்கோ கம்பத்தில் விழுந்த இடி ஒயர் வழியாக வந்து தோளில் அடித்துத் தள்ளியது. அதிலிருந்து கான்கிரீட் வீடு, இல்லாவிட்டால் கண்ணாடி ஏற்றிய வேன், இவைதான். ஒன்றுமே கிடைக்காத வெட்டவெளி என்றால் மண்வெட்டியைத் தூரப் போட்டுவிட்டு, ஆளுக்கு ஆள் தள்ளி, இரண்டு பாதத்தையும் சேர்த்துக் குந்துவோம். படுக்கவே கூடாது, தரையில் ஓடி வரும் மின்சாரம் உடம்பு முழுக்கப் பாயும்.

---

போனில் தாமினி செயலி போட்டு வையுங்கள். 20 கிலோமீட்டருக்குள் மின்னல் இருந்தால் காட்டும். எங்கள் அப்பாயிக்கு அதெல்லாம் கிடையாது. வானம் உறுமினால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லிக்கொண்டே எங்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார். கடைசிச் சத்தம் அடங்கியபிறகுதான் உலை வைப்பார், சோறு வடித்து முடிக்கும் வரை யாரும் வாசலில் கால் வைக்க முடியாது. கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் வெளியே போகக்கூடாது என்று இப்போது சொல்கிற கணக்கும் கிட்டத்தட்ட அதுதான்.