மீன்பிடித் தடைக்காலத்தில் குடியை ஒரேயடியாக நிறுத்தலாமா?

பாம்பன்கரை:
ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கின்றன. பல வீடுகளில் நிவாரணப் பணம் வந்த கையோடு டாஸ்மாக்குக்குப் போய்விடுகிறது. இந்த 61 நாளும் கடற்கரை ஊர்களில் கடையை மூட வேண்டும். குடிப்பவர்கள் கோயிலிலோ சர்ச்சிலோ சத்தியம் செய்து அன்றோடு விடட்டும். மனம் வைத்தால் முடியாதா?

உப்புக்காற்று:
கடையை மூடச் சொல்வது சரி, அண்ணா. ‘அன்றோடு விடட்டும்’ என்பதை ஏற்கமாட்டேன். நான் செவிலியர். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் நாளே கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் சிலருக்குப் புத்தி தடுமாறும். கட்டிலில் கிடந்தபடியே வலை இழுப்பதுபோல் போர்வையை இரு கையாலும் இழுத்துக்கொண்டே இருப்பார். வீட்டார் பேய் என்று மந்திரிக்க அழைத்துப் போவார்கள். உயிர் போகக்கூடிய நேரம் அது.

பாம்பன்கரை:
மாலை போட்டு விட்டவர்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர். யாருக்கும் வலிப்பு வரவில்லையே?

உப்புக்காற்று:
எப்போதாவது குடிப்பவருக்கு வராது. விடிந்ததும் நடுக்கத்தை அடக்கவே குடிக்கிறவருக்குத்தான் பயம். அவரை மருத்துவமனையில் சேர்த்து, நடுக்கத்துக்கான மாத்திரை கொடுத்து, அதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சரியாகச் சாப்பிடாமல் குடித்த உடம்பில் தயமின் (வைட்டமின் பி1) சத்து வற்றியிருக்கும். அதை ஊசியாகப் போடாமல் விட்டால் நினைவாற்றலே கெட்டுவிடலாம்.

மீன்கூடை:
குடியை நிறுத்த ரசத்தில் ரகசியமாகப் பொடி கலப்பதைப் பற்றியும் சொல்லுங்கள். எங்கள் தெருவில் விற்கிறார்கள்.

உப்புக்காற்று:
வேண்டவே வேண்டாம், அக்கா. அதில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? குடியை விடக் கொடுக்கும் டைசல்பிராம் மருந்து என்றால், அதன்மேல் குடித்ததும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும். இதய நோயாளி செத்தே போகலாம். குடிப்பவர் சம்மதித்து, மருத்துவர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

பாம்பன்கரை:
சிகிச்சை முடிந்து திரும்புகிறவர் தெருமுனையில் அதே கடையைத்தானே பார்க்கிறார்? மருந்து மட்டும் அவரைக் காப்பாற்றுமா?

உப்புக்காற்று:
காப்பாற்றாது. அதனால்தான் தடைக்காலம் தொடங்கியதுமே சேர்க்கச் சொல்கிறேன். படகு ஏறுமுன் இரண்டு மாதம் கிடைக்கும். நடுக்கடலில் வலிப்பு வந்தால் தண்ணீரில் விழுந்துவிடுவார். எங்கே சேர்ப்பது என்று கேட்க 14446 என்ற இலவச எண் இருக்கிறது.

பாம்பன்கரை:
கடை மூடக் கேட்கும் மனுவில், தாலுகா மருத்துவமனையில் இதற்கெனப் படுக்கை வேண்டும் என்பதையும் சேர்க்கிறேன். சத்தியம் செய்ய வருகிறவரை மட்டும் தடுக்கமாட்டேன்.

உப்புக்காற்று:
தடுக்க வேண்டாம். காலையில் கை நடுங்குமா, முன்பு வலிப்பு வந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் முதலில் எங்களிடம் அனுப்புங்கள்.