நீச்சல் தெரியாமல் ஹேவ்லாக்கில் ஸ்கூபா: எதற்குப் பயப்பட வேண்டும்?

வேளச்சேரிவாசி:
வணக்கம். பிப்ரவரி கடைசியில் நானும் மனைவியும் அந்தமான் போகிறோம். மொத்தம் 5 நாள், அதில் இரண்டு இரவு ஹேவ்லாக்கில். பவளப்பாறையைக் கடலுக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்பது மனைவியின் வெகுநாள் ஆசை. எனக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது. சின்ன வயதில் ஒருமுறை கிணற்றில் மூழ்கி என்னை மேலே தூக்கினார்கள், அன்றிலிருந்து தலைக்கு மேல் தண்ணீர் என்றாலே நெஞ்சு படபடக்கும். பயண ஏற்பாடு செய்பவரிடம் கேட்டால் "எல்லோரும் செய்றாங்க சார், ஒண்ணும் ஆகாது" என்கிறார், எனக்கு அது போதவில்லை. உண்மையில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று உள்ளே போய் வந்தவர்கள் சொல்லுங்கள். டைவ் 4ஆம் நாள் காலை 10 மணிக்கு, அன்று மதியமே போர்ட் பிளேருக்குக் கப்பல், மறுநாள் காலை 7.30க்கு சென்னை விமானம்.

நீலத்திமிங்கிலம்:
நீச்சல் தெரியாததற்குப் பயப்பட வேண்டாம். நீங்கள் செய்யப்போவது ட்ரை டைவ், அதாவது முதல்முறை இறங்குபவர்களுக்காக, முதுகில் சிலிண்டரோடு இன்ஸ்ட்ரக்டர் கூடவே வரும் டைவ். இடம் அநேகமாக நீமோ ரீஃப், கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். முதலில் இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி மூச்சு விடப் பழக்குவார்கள். ட்ரை டைவில் 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப்போகக் கூடாது, பெரும்பாலும் அதுவரைக்கும்கூடப் போக மாட்டார்கள். இன்ஸ்ட்ரக்டர் உங்கள் சிலிண்டரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே வருவார். ஒருவருக்கு ஒரு இன்ஸ்ட்ரக்டர்தானா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், இரண்டு பேரைச் சேர்த்து ஒருவர் இழுத்துப்போவார் என்றால் உங்களைப் போல் பயம் உள்ளவருக்கு அது சரிவராது.

பயப்பட வேண்டியது காதுக்கு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு, ஆனால் காதில் வலி தொடங்குவது முதல் இரண்டு மூன்று மீட்டரிலேயே. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால் காதில் 'டப்' என்று திறக்கும். வலி வந்த பிறகு ஊதாதீர்கள், ஒவ்வொரு அரை மீட்டருக்கும் வலிக்கு முன்னாலேயே ஊதுங்கள். திறக்கவில்லையா, கையைக் காட்டி நிறுத்தி, கொஞ்சம் மேலே போய் மறுபடி முயற்சி செய்யுங்கள். ஜலதோஷம் இருந்தால் அன்றைக்கு டைவே வேண்டாம். மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால் உள்ளே இருக்கும்போதே மருந்தின் வேகம் குறைந்து, மேலே வரும்போது அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது மூச்சு. எந்தக் காரணத்துக்காகவும் அடக்கக் கூடாது. ஆழத்தில் இழுத்த காற்று மேலே வர வர விரியும், அடக்கி வைத்தால் நுரையீரல் கிழியலாம். மற்றபடி மெதுவாக இழுத்து நீளமாக விட்டாலே படபடப்பு பாதி இறங்கிவிடும்.

அப்புறம் ஒரு விஷயம், கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் அங்கே 'சூப்பர்' என்று அர்த்தம் இல்லை, 'மேலே போகலாம்' என்று அர்த்தம். நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டுங்கள். புதிதாக வரும் பலர் சந்தோஷத்தில் கட்டைவிரலைக் காட்டி, பாதியிலேயே மேலே வந்துவிடுகிறார்கள்.

விமானத்துக்கு உங்கள் இடைவெளி போதும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் செய்தால் 18. ஆனாலும் 3ஆம் நாளுக்கு மாற்றுங்கள். அன்று காற்றடித்தாலோ மூக்கடைத்தாலோ 4ஆம் நாள் காலை கையில் இருக்கும்.

முத்துநகர்:
அண்ணாச்சி, நான் தூத்துக்குடி. எங்கள் தாத்தா சங்கு குளித்தவர், சிலிண்டரும் இல்லை ஒன்றும் இல்லை, மூச்சை அடக்கித்தான் இறங்குவார். கடைசிக் காலத்தில் அவரிடம் பக்கத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும். அதனால் காது விஷயத்தை மேலே சொன்னவர் பெரிதாகச் சொல்லிவிட்டார் என்று நினைக்காதீர்கள்.

இன்னொன்று. உள்ளே போனால் எதையும் தொடாதீர்கள். பவளம் பார்க்கக் கல் மாதிரி இருக்கும், ஆனால் மேலே உயிர் இருக்கிறது. எங்கள் பக்கம் சுண்ணாம்புக்காக வருடக்கணக்கில் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்று இரண்டு இன்று தண்ணீருக்கு அடியில். அலையைத் தடுக்கப் பாறை இல்லை என்றால் மண் நிற்குமா? எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் வயிறு எரியும்.

வேளச்சேரிவாசி:
ரொம்ப நன்றி. 3ஆம் நாளுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். இரண்டு சந்தேகம். எனக்குப் பெரிய மீசை, மாஸ்க்கில் தண்ணீர் வருமா? அப்புறம், மனைவிக்குக் குளிர்காலத்தில் வீசிங் வரும், இன்ஹேலர் வைத்திருக்கிறாள். போன வருடம் இரண்டு தடவைதான் எடுத்தாள். அதைச் சொல்ல வேண்டுமா?

நீலத்திமிங்கிலம்:
மீசையால் கொஞ்சம் கசியும். மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்திக்கொண்டு மூக்கு வழியாக ஊதினால் தண்ணீர் வெளியேறிவிடும், இதைக் கரையிலேயே நாலைந்து முறை செய்து பாருங்கள்.

வீசிங்கைச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள், ஆஸ்துமா பற்றிய கேள்வி அதில் இருக்கும். என் சித்தி மகன் ஒரு இடத்தில் போனபோது, "எல்லாத்துக்கும் இல்லைன்னு போடுங்க, இல்லைன்னா இறக்க மாட்டாங்க" என்று அங்கே வேலை பார்த்த பையனே சொல்லிக் கொடுத்தான். இவனும் போட்டான். 6 மீட்டரில் இருமல் பிடித்து, நல்லவேளையாக இன்ஸ்ட்ரக்டர் கவனித்து மெதுவாக மேலே கொண்டுவந்தார். சிலிண்டர் காற்று வறண்ட காற்று, அதுவே வீசிங்கைக் கிளப்பலாம். சுருங்கிய குழாய்களுக்குப் பின்னால் காற்று மாட்டிக்கொண்டால், மேலே வரும்போது அது விரிந்து நுரையீரலைக் காயப்படுத்தும். புறப்படுவதற்கு முன்பே சென்னையில் நுரையீரல் மருத்துவரைப் பார்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மேலே மிதந்தபடி ஸ்நோர்கெல் (வாயில் வைத்து மூச்சு விடும் குழாய்) போடலாமா என்றும் அவரிடமே கேளுங்கள்.

அபர்தீன் பஜார்:
நான் போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த தமிழன். விளம்பர வீடியோவைப் பார்த்துவிட்டுச் சிவப்பும் மஞ்சளுமாக எதிர்பார்த்து வராதீர்கள். தண்ணீரில் முதலில் மறைவது சிவப்பு நிறம்தான், சில மீட்டரிலேயே எல்லாம் நீலப் பச்சையாகத் தெரியும், வீடியோவில் நிறத்தைப் பின்னால் ஏற்றுகிறார்கள். நீமோ ரீஃபில் மணலும் உடைந்த துண்டுகளும் நிறைய இருக்கும். எங்கள் பவளம் நிறையப் பட்டுவிட்டது. 2004 நிலநடுக்கத்தில் வடக்கு அந்தமானின் மேற்குக் கரை மேலெழும்பி, இன்டர்வியூ தீவுப் பக்கம் பவளம் வெயிலில் காய்ந்தே செத்தது. 2010 கோடையில் கடல் சூடாகி எங்கு பார்த்தாலும் வெள்ளை, 2016இல் மறுபடியும். பவளத்துக்கு நிறமும் சாப்பாடும் கொடுப்பது அதற்குள் வாழும் நுண்பாசி, சூடு தாங்காமல் அது வெளியேறினால் வெளுத்துவிடும். சீக்கிரம் தண்ணீர் குளிர்ந்தால் பிழைக்கும்.

அப்படிப் பிழைத்ததைத்தான் நீங்கள் பார்க்கப் போகிறீர்கள். மூளைப்பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். போட்டோவுக்காக அதன் மேல் முட்டி போடச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். கிளிமீன் பாறையைக் கடிக்கும் 'கறுக் கறுக்' சத்தம் கேட்கும், கொஞ்சம் அசையாமல் இருந்து கேளுங்கள். கரையில் கிடக்கும் துண்டைக்கூட எடுத்து வராதீர்கள், பவளம் வனவிலங்குச் சட்டத்தில் புலியோடு ஒரே பட்டியலில் இருக்கிறது, விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள்.

வேளச்சேரிவாசி:
செவ்வாய்க்கிழமை மருத்துவரிடம் நேரம் வாங்கியாயிற்று. அவர் வேண்டாம் என்றால் நானும் இறங்கப்போவதில்லை என்று சொன்னேன். அவள் "நீங்க போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க, கிளிமீன் சத்தம் கேக்குதான்னு" என்கிறாள். மீசையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.