சேஞ்ச் ஓவர் சுவிட்ச்: மடைமாற்றி என்னலாமா?

(தண்டையார்பேட்டையிலிருந்து)

கலைச்சொல் குழுவினர்க்கு வணக்கம். மின்பணியாளர் பயிற்சி வகுப்புக்கு நான் எழுதிவரும் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இன்வெர்ட்டரின் வெளியீட்டைப் பகிர்வுப் பெட்டியில் இணைக்கும் பாடத்தில் சேஞ்ச் ஓவர் சுவிட்சுக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. ஒருபுறம் மின்வாரிய இணைப்பு, மறுபுறம் இன்வெர்ட்டர் அல்லது ஜெனரேட்டர், நடுவில் இரண்டும் அறுபட்ட சுழி நிலை. ஒன்றை விட்ட பிறகே இந்தச் சுவிட்ச் மற்றொன்றைப் பிடிக்கும். அவ்வாறு பிரிக்காமல் கட்டினால், வீட்டு மின்சாரம் தெரு வடத்தில் எதிரேறி, மின்தடை என்று நம்பித் தெருவோரப் பில்லர் பெட்டியில் (மின்வாரியப் பகிர்வுப் பெட்டி) கைவைத்த ஊழியரைக் கொல்லக்கூடும். டிரான்ஸ்பார்மரை எட்டிவிட்டால் அங்கே 11,000 வோல்ட்டாக உயரவும் வழியுண்டு.

முன்பு இங்கே முன்மொழியப்பட்ட 'இருவழிச் சொடுக்கி' ஆபத்தானது. மாடிப்படி விளக்கின் சுவிட்சுக்கு வகுப்பில் அப்பெயர் ஏற்கெனவே உண்டு. அதற்குச் சுழி நிலையும் இல்லை, மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பியை அது தொடுவதும் இல்லை. பெயரை நம்பி மாணவர் அதையே மாட்டிவிடுவர். வெறும் 'மாற்றி' என்றால் மின்மாற்றியோடு குழம்பும். வாய்க்கால் நீரை ஒரு மடையிலிருந்து மறு மடைக்கு மாற்றுவது போல என்று கொண்டு, 'மடைமாற்றி' எப்படி?

(பெரம்பூரிலிருந்து)

'மண்வெட்டி' போலக் கருவிப்பொருளில் இகர விகுதி பெற்றிருப்பதால் இலக்கணத்தில் குறையில்லை. பொருளில்தான் குறை. ஒரு வாய்க்காலுக்கு இரண்டு மடையையும் ஒருசேரத் திறக்கலாம். இக்கருவியின் உயிரே அது கூடாது என்பதில் இருக்கிறது. ஆகவே, குறள் 71 காட்டும் 'அடைக்கும் தாழ்' என்பதிலிருந்து 'மாறுதாழ்' என்று வினைத்தொகையாக அமைக்கலாம். நியூட்ரல் என்ற சொல்லை ஏன் அப்படியே விடுகிறீர்கள்? சங்க அகப்பாடல்களில் அயலார் 'நொதுமலர்'. தலைவியை அவர்கள் மணம் பேச வருவது 'நொதுமலர் வரைவு'. எப்பக்கமும் சாராக் கம்பிக்கு 'நொதுமி' தகும். இன்வெர்ட்டருக்கும் தனிச்சொல் தேடியாக வேண்டும். அதைப் பற்றி விரிவாகப் பின்னர் எழுதுவேன்.

(ராயபுரத்திலிருந்து)

ஐயா, மாறுதாழ் கேட்டால் கடையில் கதவுக் கொண்டியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். நொதுமியைப் பற்றியும் ஒரு சொல். இன்வெர்ட்டர் சுற்றின் நியூட்ரலை ஈபி சுற்றின் நியூட்ரலோடு கலந்து கட்டினால், 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே விழக்கூடிய ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டால் இணைப்பை அறுக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்) நின்றபாடில்லாமல் விழும், இவ்வட்டாரத்தில் நான் பார்க்கச் செல்லும் புகார்களில் இது ஓயாத ஒன்று. 'நியூட்ரலைத் தனியே கொண்டுபோ' என்றால் உதவியாளர் செய்துவிடுவார். நொதுமி என்றால் என்னைத் திரும்பிப் பார்ப்பார். வடசொல்லையே எழுத்து மாற்றி ஏற்கத் தொல்காப்பியர் வழிவிட்டிருக்க, 'சேஞ்சோவர்' என்ன பாவம் செய்தது? மழை இரவில் டார்ச் வெளிச்சத்தில் பெட்டியைத் திறக்கும் ஊழியர் படிக்க வேண்டிய சொல் இது.

(தண்டையார்பேட்டையிலிருந்து)

இங்கே இடம்பெறாத மறுமொழிகளையும் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலோர் மடைமாற்றிக்கு உடன்பட்டனர். சிலர் விவாதம் முடிந்தால் போதும் என்றே உடன்பட்டதாகத் தோன்றுகிறது. செங்குன்றம் ஏரி நீரைக் குடிக்கும் ஊருக்கு மடை அந்நியச் சொல் அன்று என்பது என் எண்ணம். பாடத்தில் 'மடைமாற்றி' என்றும், பெட்டி மீது ஒட்டும் எச்சரிக்கைச் சீட்டில் 'சேஞ்ச் ஓவர்' என்றும் அச்சிடுகிறேன். நியூட்ரல் நியூட்ரலாகவே இருக்கும்.

(பெரம்பூரிலிருந்து)

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரே கருவிக்குப் பாடத்தில் ஒரு பெயரும் பெட்டியில் ஒரு பெயரும் இருப்பது இருவழிச் சொடுக்கியை விடப் பெரிய குழப்பம். இரண்டாம் பதிப்புக்கு முன்பாவது மாறுதாழை மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.